எல்லோருக்கும் ஒத்துவரும் ஒரு மணித்தியாலம்

போன ஞாயிறு மல்வேர்னில் மகள் வீட்டில் பேத்தியின் பிறந்தநாளைப் பற்றிப் பேச்சு வந்தது. மருமகன் கைத்தொலைபேசியைத் தட்டி, பதினொரு பேருக்கும் ஒத்துவரும் நாளை இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

எழுபதுகளில் ரொறன்ரோவில் நான் படித்த கல்லூரியின் கணிதக் கழகத்துக்கு நிலவறையில் ஓர் அறை இருந்தது. கரும்பலகைச் சோக்குத்தூளும், ஹீற்றரில் காயப்போட்ட ஈரக் கையுறைகளும் சேர்ந்து மணக்கும். அந்த ஊரில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட இடம் அது ஒன்றுதான். அதனால், மாதமுடிவுக்குள் ஒரு நிகழ்ச்சிக்காவது இருபது பேர் ஒன்றாக வராவிட்டால் அறை மேசைப்பந்துக்காரருக்குப் போய்விடும் என்று மாணவர் சங்கம் கடிதம் போட்டபோது, நான் கடிதத்தோடு தலைவரிடம் ஓடினேன்.

கழகத் தலைவர் சிவா அண்ணை கலங்கவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட மூன்று வயது மூத்தவர். கழகத்தார் எல்லோருடைய வகுப்பு நேரசூசியையும் வாங்கிக் கரும்பலகையில் எழுதி, மூன்று நாள் அதன் முன்னால் நின்றார்.

"தம்பி, இருபது பேரும் ஃப்ரீயா இருக்கிற ஒரு மணித்தியாலம் இந்த மாசத்துக்குள்ள கட்டாயம் இருக்கு. நிறுவிப்போட்டன்!"

"எந்த மணித்தியாலம் அண்ணை?"

"உது கிளார்க் வேலையடா. இருக்கெண்டு தெரிஞ்சாப் போதும்."

நானும் செயலாளர் லிண்டாவும் கைதட்டினோம். வெட்கக்கேடுதான், ஆனால் அவ்வளவு அழகான நிறுவல். அதையே நோட்டீசாக ஒட்டினோம்: புதிர்ப்போட்டி நடைபெறும், எல்லோருக்கும் ஒத்துவரும் மணித்தியாலம் ஒன்று உண்டு, அப்போது வரவும்.

வந்தார்கள். திங்கள் ஒருவர், செவ்வாய் இருவர் என்று இரண்டு வாரமாக வந்தார்கள். நிறுவலைப் பாராட்டிவிட்டு வகுப்புக்கு ஓடினார்கள். சங்கத்து ஆள் எண்ண வந்த நேரம் நான் மட்டும் சான்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். 'ஒன்று' என்று எழுதிக்கொண்டு போனான். அத்தோடு அறை எங்கள் கையைவிட்டுப் போனது.

மாதத்தின் கடைசி வியாழன் பின்னேரம் மூன்று மணிக்கு அறையைக் காலிசெய்தோம். கேள்விப்பட்டு எல்லோரும் சாமான் தூக்க வந்துவிட்டார்கள். கரும்பலகையின் ஒரு முனையைப் பிடித்தபடியே சிவா அண்ணை தலைகளை எண்ணினார். இருபத்திமூன்று.

"பாத்தியே! நிறுவல் சரி!"

அவருக்கு முகமெல்லாம் சந்தோசம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தக் கட்டடத்தை எப்போதோ இடித்துவிட்டார்கள். சிவா அண்ணையின் செத்தவீடு ஒஷாவாவில் ஒரு புதன்கிழமை காலையில் நடந்தது. பழைய ஆட்களில் நான்கு பேரைத் தேடிப்பிடித்துச் சொல்லியிருந்தேன். நால்வருக்கும் அந்த நேரம் ஒத்துவரவில்லை.