இன்னொருக்காப் பார்க்க வேணும் என்றவர்

மௌத்துச் செய்தி வந்தபோது நான் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். வீதிக் கந்தோரின் பியோன் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு வகுப்பு வாசலில் வந்து நின்றார். "மாஸ்டர், ஓவசியர் ஐயா..." என்று தொடங்கினார். நற்பிட்டிமுனைப் பக்கம் மதகு வேலை பார்த்துக்கொண்டு நின்ற மனிதர் நெஞ்சைப் பிடித்தபடி மரநிழலில் குந்தியிருக்கிறார். தண்ணீர் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. இன்னாலில்லாஹி என்று என் வாய் ஓதியது. உள்மனம் ஓதியது வேறு. சனிக்கிழமை மெட்னிக்கு, அந்தப் பகல் படத்துக்கு, வந்தே ஆகவேண்டும் என்று முந்திய நாள் மாலை என் உயிரை வாங்கி, என்னிடம் ஒப்புதலும் வாங்கிக்கொண்டு போனவர், வியாழக்கிழமையே இப்படிச் செய்துவிட்டாரே என்றுதான் முதலில் கோபம் வந்தது. அழுகை பிறகுதான் வந்தது.

இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு ஓவசியர் இஸ்மாலெவ்வையைத் தெரியும். கல்முனையிலிருந்து சம்மாந்துறை போகும் வழியில் எங்காவது குடையை விரித்துக்கொண்டு, கல் பரப்புகிறவர்களை ஏசாமல், பரப்பிய கல்லை ஏசிக்கொண்டு நின்றிருப்பார். பிறந்தது சம்மாந்துறை. என் தங்கை ஆசியாவைக் கல்யாணம் முடித்து, எங்கள் வழக்கப்படி பெண்வீட்டு மாப்பிள்ளையாகச் சாய்ந்தமருதில் எங்கள் வளவுக்கே வந்து சேர்ந்தார். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் இடையில் ஒரு கிடுகு வேலிதான். ஆகையால் அவரிடமிருந்து தப்பிக்க எனக்கு வழியே இருக்கவில்லை.

தொழுகையில் குறை வைக்காதவர். வேலையில் கை சுத்தமானவர். அவருக்கு இருந்தது ஒரே வியாதி. ஒரு படத்தை ஒருமுறை பார்த்தால் அவருக்குப் பார்த்ததாகவே ஆகாது. கல்முனைத் தியேட்டரில் படம் மாறும்வரை அதே படத்துக்குப் போவார். எத்தனை தரம் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. "முதல்தரம் பாக்கிறது கதைய, மச்சான். படத்தப் பாக்கிறது அதுக்குப் பொறகுதான்" என்பார். முதல்தரமே எனக்குத் தலைவலிக்கும். அந்தக் கொட்டகையின் சூடும், பீடிப் புகையும், படச்சுருள் மாற்றும்போது எழும் விசிலும் போதாதென்று, பக்கத்தில் இந்த மனிதர்.

ஒரு படம் வந்தது. பெயர் வேண்டாம், நீங்கள் எல்லாரும் பார்த்து அழுத படம்தான். ஒரு பெரிய வீட்டில் பெட்டகத்தில் பூட்டியிருந்த அட்டியல் ஒன்று காணாமற் போகிறது. வேலைக்காரிதான் எடுத்தாள் என்று மருமகள் சொல்கிறாள். மாமியார் ஒரு சொல்லும் பேசாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். வேலைக்காரி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு மழையில் இறங்கிப் போகிறாள். எடுத்தவன் தன் மகன்தான் என்பதை மாமியார் கடைசியில் மரணப் படுக்கையில் சொல்கிறாள். ஐயோ, இத்தனை காலம் இந்தத் தாய்ப் பாவிக்குத் தெரியாமற் போயிற்றே என்று நாங்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு வந்தோம்.

மச்சானும் வந்தார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் போனார். அன்று மாலை வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "மச்சான், மாமிக்காரிக்கு முதலே தெரியும்" என்றார்.

"என்னத்த?"

"மகன்தான் எடுத்தான் எண்டு. படம் தொடங்கி முதலாவது பாட்டிலயே அவவுக்குத் தெரியும். நாளைக்கு வாங்க, காட்டுறன்."

"நான் வரல்ல. பரீட்சைத் தாள் திருத்தக் கிடக்கு."

"தாள் எங்கயும் ஓடாது. படம் ஓடிரும்."

போனேன். ஒன்றும் தெரியவில்லை. பாட்டு வந்தது, மருமகள் முற்றத்தில் பூப்பறித்துக்கொண்டு பாடினாள், பாட்டு முடிந்தது. "கண்டீங்களா?" என்றார். "எதை?" என்றேன். அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, என் வகுப்பில் இருக்கும் மக்குப் பையனைக்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை.

அடுத்த தடவையும் இழுத்துக்கொண்டு போனார். அன்றுதான் அந்த அவமானம் நடந்தது. பாட்டுத் தொடங்கியதும் சனம் முழுவதும் வாய் பிளந்து அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க, மச்சான் எழுந்து நின்று, கல் பரப்புகிற இடத்தில் கத்துகிற குரலில் கத்தினார். "அவளைப் பாக்காதீங்க! ஜன்னலைப் பாருங்க! பின்னால ஜன்னலைப் பாருங்க!"

கொட்டகை முழுவதும் கூக்குரல். யாரோ நிலக்கடலை சுற்றிய காகிதச் சரையை எறிந்தார்கள். அது என் தலையில் பட்டது. மனேச்சர் டோர்ச் லைற்றோடு வந்து மச்சானின் கையைப் பிடித்தார். கூட வந்த குற்றத்துக்காக என்னையும் பிடித்தார். என்னிடம் படிக்கும் பிள்ளைகளின் வாப்பாமார் வரிசையாக இருந்து பார்த்துக்கொண்டிருக்க, பகல் வெயிலில் நாங்கள் இருவரும் தெருவில் நின்றோம். மூன்று நாள் நான் அவரோடு கதைக்கவில்லை. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். வெளியே இழுக்கப்படும் அந்த நேரத்தில் நான் ஜன்னலைப் பார்த்துவிட்டேன். பாடுகிறவளுக்குப் பின்னால், வீட்டு ஜன்னலுக்குள், கட்டிலில் மாமியார் படுத்திருக்கிறாள். மகன் குனிந்து சாவிக்கொத்தை அவள் தலையணைக்குக் கீழே மெதுவாகத் திரும்ப வைக்கிறான். அவன் போன பிறகு பார்த்தால், அவள் கண் திறந்திருக்கிறது. படம் எடுத்தவர் அதை அவ்வளவு சின்னதாக, அவ்வளவு தூரத்தில் வைத்திருக்கிறார். அதைக் கண்டபிறகு முழுப்படமும் வேறு படமாகிவிட்டது. சுவர்ப்பக்கம் திரும்புகிறவள் வெறுப்பில் திரும்பவில்லை; முகத்தைக் காட்டமுடியாமல் திரும்புகிறாள். அதைப் பார்ப்பதற்கென்று தனியாகப் பிறகு ஒருநாள் போனேன். மச்சானிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த மனிதரை ஊரே தாங்கியிருக்காது.

அந்தக் கிழமைதான் பள்ளிவாசல் நிர்வாகத்துப் பெரியவர்கள் மச்சானின் வீட்டுக்கு வந்தார்கள்; என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பள்ளியை இடித்துப் பெரிதாகக் கட்டும் எண்ணம் அவர்களுக்கு இருந்தது. கட்டட வேலை தெரிந்த ஒருவரை நிர்வாகத்தில் சேர்க்க வேண்டும். மச்சானைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. ஆனால் தியேட்டர்ச் சங்கதி ஊரெல்லாம் பரவியிருந்தது. தலைவராக இருந்த ஹாஜியார் பதமாகத்தான் கேட்டார். "தம்பி, இனிப் படத்துக்குப் போறல்ல எண்டு ஒரு வார்த்தை சொல்லுங்க. மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கிறம்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு வார்த்தைதானே! மச்சான் நெற்றியைத் தடவிக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். பிறகு சொன்னார்: "விடுறன் ஹாஜியார். ஆனா இந்தப் படம் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் ஓடும். ஒரு சின்ன விசயம் பாக்கக் கிடக்கு. திங்கக்கிழமையில இருந்து விடுறன்."

ஹாஜியார் தேத்தண்ணீரைக் குடிக்காமலே எழும்பிவிட்டார். வாசல்வரை போய் நான் கெஞ்சினேன். பயனில்லை. திரும்பி வந்து, "உங்களுக்கு மூளை கலங்கிப்போச்சா? ஞாயிறு வரைக்கும் வாயப் பொத்திக்கொண்டு இருந்திருந்தா என்ன?" என்று கத்தினேன். "பொய் சொல்லச் சொல்றீங்களா மச்சான், பள்ளி ஆக்களுக்கிட்ட?" என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். பள்ளி வேறு யாரோ ஒருவரின் மேற்பார்வையில் கட்டப்பட்டது. கிழக்குச் சுவர் வெடித்திருப்பதை வெள்ளிக்கிழமைகளில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். கட்டினவர் மீதல்ல, கட்டாமல் படம் பார்க்கப் போனவர் மீது.

பின்பு அந்தப் படம் மட்டக்களப்புக்குப் போனது. அதே காலத்தில் ஆசியாவுக்கு வயிற்றுக்குள் ஏதோ கோளாறு என்றும், மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றும் மச்சான் சொன்னார். எங்கள் உம்மா பதறிப்போனா. மகள் சுகமாகத் திரும்பி வந்தால் கந்தூரி கொடுப்பதாக நேர்ச்சை வைத்தா. இருவரும் விடிய பஸ் ஏறினார்கள். அந்த நாள் முழுவதும் நான் பள்ளிக்கூடத்தில் என்ன படிப்பித்தேன் என்று எனக்கே தெரியாது. மாலையில் திரும்பி வந்து, "ஒண்டுமில்ல, காத்துத்தானாம்" என்றார்கள். உம்மா கண்ணீர்விட்டு அல்லாஹ்வைப் புகழ்ந்தா. ஆடு அறுத்து, சோறு ஆக்கி, அயல் முழுவதையும் கூப்பிட்டுக் கொடுத்தோம். மச்சான் நன்றாகச் சாப்பிட்டார். சாப்பிட்ட கையோடு என்னைத் தனியே கூப்பிட்டு, "மச்சான், அந்த வேலைக்காரிக்கும் தெரியும்" என்றார். அந்த நேரத்தில் அவரை என்ன செய்திருக்கலாம் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

இவ்வளவும் எனக்குத் தெரிந்த இஸ்மாலெவ்வை. மீதியை, அவர் போன பிறகு, இத்தா என்று வெள்ளை உடுத்து வீட்டோடு இருந்த என் தங்கையிடமிருந்து அறிந்தேன்.

ஒரு பின்னேரம் அவளோடு உட்கார்ந்திருந்தேன். அவரைப் பற்றி நல்லதாக நாலு சொல் சொல்லப் போய், வழக்கம்போல் பள்ளிச் சுவரில் வந்து நின்றேன். "ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அவருக்கு என்னதான் பாக்க இருந்திச்சோ" என்றேன்.

ஆசியா நிலத்தைப் பார்த்தபடி, அண்ணனான என்னைக் காக்கா என்று கூப்பிட்டுச் சொன்னாள். "அது நான் கேட்டது காக்கா."

எனக்கு விளங்கவில்லை.

"படம் பாத்திட்டு வந்தா எனக்கு முழுக்கச் சொல்லுவார். நம்மட பொம்புளையள் எங்க போய்ப் பாக்கிற? அவர் சொல்லச் சொல்ல நான் கேப்பன். சாவிக்கொத்து மாமியாட தலைமாட்டில இரிக்கி எண்டா, மகன் எடுக்கக்குள்ள சத்தம் கேக்காதா, அவ முழிக்கல்லயா எண்டு கேட்டன். கவனிக்கல்ல புள்ள எண்டார். மறுகாப் போய்ப் பாத்திட்டு வந்தார். ஜன்னலுக்குள்ள கண் முழிச்சிக்கொண்டு கிடக்கிறா எண்டார். பொறகு, வேலைக்காரி போகக்குள்ள மாமியார்ர கை எங்க இரிந்த எண்டு கேட்டன். அதப் பாக்கத்தான் ஞாயித்துக்கிழமை வேணும் எண்டு நிண்டார். நான் கதவுக்குப் பின்னால நிண்டு கேட்டுக்கொண்டுதான் இரிந்தன். வேணாம், பள்ளிய விட்டுராதீங்க எண்டு சொன்னன். கேக்கல்ல."

"என்னிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா? ஓவசியர்ர பொஞ்சாதி படக்கதை கேக்கிறா எண்டு ஊர் கதைக்கும். என்னை எண்டா பைத்தியம் எண்டுதானே சொல்றாங்க, சொல்லட்டும் எண்டார்."

பிறகு ஒரு சந்தேகம் வந்தது. "அப்ப மட்டக்களப்பு ஆஸ்பத்திரி?"

ஆசியாவின் முகத்தில், அந்த வெள்ளை உடுப்புக்குள், மௌத்துக்குப் பிறகு முதன்முதலாக ஒரு சிரிப்பின் சாயல் வந்தது. ஆஸ்பத்திரி வாசலைக்கூட அவர்கள் மிதிக்கவில்லை. தெரிந்தவர் இல்லாத ஊர், தியேட்டரில் பெண்களுக்குத் தனிப் பக்கம். அவளை அங்கே இருத்திவிட்டு, அவர் ஆண்கள் பக்கம் போய் இருந்திருக்கிறார்.

"எப்படியாம் படம்?" என்றேன். வேறென்ன கேட்பது?

"நல்லாத்தான் இரிந்திச்சி. ஆனா அவர் சொன்னது அதவிட நல்லம். நான் அத அவருக்கிட்டச் சொல்லல்ல." முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அவர் காணாத ஒண்ட நான் கண்டன். அந்த வேலைக்காரி வெளிய போகக்குள்ள மருமகளைப் பாக்கல்ல. மாமியார்ர இடுப்பில கிடக்கிற சாவியப் பாக்கிறா. பாத்திட்டுக் குனிஞ்சிக்கிறா. அவளுக்கும் தெரியும் காக்கா. பஸ்ஸில வரக்குள்ள அவருக்கிட்டச் சொன்னன். களுவாஞ்சிக்குடி தாண்டும்வரைக்கும் மனிசன் வாய் திறக்கல்ல. பொறகு, இன்னொருக்காப் பாக்க வேணும் எண்டார்."

"தெரிஞ்சா ஏன் சொல்லாமப் போனாள்?"

"சொன்னா ஆரு நம்புவாங்க?" என்றாள் என் தங்கை.

நான் எழும்பி என் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு ஆடு, ஒரு கந்தூரி, உம்மாவின் கண்ணீர், ஒரு பள்ளிவாசலின் சுவர், ஊர் முன்னால் என் மானம். எல்லாவற்றையும் அந்த மனிதர் வாயைத் திறக்காமல் விழுங்கிக்கொண்டு நின்றிருக்கிறார். அவரைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும், கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் ஆள் இல்லை.

இதை எழுதலாமா என்று ஆசியாவிடம் கேட்டேன். "எழுதுங்க. இனி என்னத்துக்கு ஒளிக்கிற? அவரப் பைத்தியம் எண்டு சொன்ன ஆக்கள் வாசிக்கட்டும்" என்றாள். வாசியுங்கள்.

இத்தா முடிந்து சில நாள் சென்றிருக்கும். ஒலிபெருக்கி கட்டிய கார் ஒன்று புதுப்படம் வந்திருப்பதாகக் கத்திக்கொண்டு எங்கள் தெருவால் போனது. வேலிக்கு அந்தப் பக்கம் ஆசியா வந்து நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாள் பாடசாலை விட்டதும் நானே போனேன். ஒரு மாஸ்டர் மனிதன் தனியாகப் போய் மெட்னிக்கு நின்றால் ஊர் என்ன சொல்லும் என்பது எனக்குத் தெரியும். திரும்பி வந்து, அண்ணன் தம்பி பிரிவதையும், அண்ணன் பெண்சாதி அழுவதையும் அவளுக்கு ஒழுங்காக, ஆதியோடந்தமாகச் சொன்னேன். முடிந்ததும் கேட்டாள்:

"காக்கா, அவ அழக்குள்ள கதவு சாத்திக் கிடந்ததா, திறந்து கிடந்ததா?"

நான் விழித்தேன். "கவனிக்கல்ல."

"சரி" என்றாள். அந்தச் 'சரி'யில் இருந்த ஏமாற்றத்தை என்னால் இரவு முழுவதும் மறக்க முடியவில்லை.

இஸ்மாலெவ்வை மச்சான் எனக்கு விட்டுப்போனது இதுதான். குடையை அவர் தம்பி கொண்டுபோனார், கைக்கடிகாரத்தைக் கந்தோரில் அவரோடு வேலை பார்த்த நண்பர் கேட்டு வாங்கிக்கொண்டார், இந்த வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. அல்லாஹ் அவருடைய கப்றை விசாலமாக்கி வைப்பானாக. நாளைக்கு மெட்னிக்குப் போகிறேன். உங்களில் யாராவது பக்கத்தில் வந்து இருந்தால், தயவுசெய்து என்னோடு கதைக்காதீர்கள். நான் கதவைப் பார்க்க வேண்டும்.