வண்டியை யாரும் நிறுத்தலாம்

கல்யாணத்துக்கு முன் நான் சென்னையில் ஒரு விமான நிறுவனத்தில் வேலை பார்த்தேன். பறக்கிற வேலை இல்லை. பயணிகளை வரிசையில் நிறுத்தி, அவர்களிடம் திட்டு வாங்கி, சிரித்துக்கொண்டே ஏற்றி அனுப்புகிற வேலை. திண்டுக்கல்லுக்கு மருமகளாக வந்த பிறகு கணவரின் லாரி ஆபீஸில் உட்கார்ந்தேன். ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி கொண்டுபோகும் லாரிகள்.

விமானம் தரையில் நிற்கிற நேரமெல்லாம் நட்டம், வந்ததும் துடைத்துத் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று ஒருநாள் அவரிடம் சொன்னேன். மனிதர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். வண்டி வந்து நின்றால் டிரைவர் முகம் கழுவுவதற்குள் அடுத்த லோடு ஏறத் தொடங்கியது. ராத்திரி நடைகள் கூடின. எனக்கும் பெருமை தாங்கவில்லை.

இன்னொரு விஷயத்தைச் சொன்னபோதுதான் அவர் முகம் சுருங்கியது. சென்னையில் ஒருமுறை, விமானத்தில் மூட்டை ஏற்றுகிற ஒருவர் கதவருகே விரிசல் தெரிகிறது என்று கையைத் தூக்கிவிட்டார். எல்லாம் நின்றது. பார்த்தால் வெறும் கிரீஸ் கறை. பயணிகள் என்னைப் பிய்த்து எடுத்துவிட்டார்கள். ஆனால் விமானி இறங்கிவந்து, எல்லோர் முன்னாலும் அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னார். சந்தேகம் வந்தால் யாரும் நிறுத்தலாம். தப்பாக நிறுத்தினாலும் திட்டக்கூடாது. அங்கே அதுதான் வழக்கம்.

"அடியே, இது ஏரோப்ளேன் இல்ல, தக்காளி வண்டி. ஆளாளுக்கு நிறுத்துனா அம்புட்டும் ரசமாயிரும்" என்றார்.

விடுவேனா நான்? "லாபம்னா ஏரோப்ளேனு, இதுக்கு மட்டும் தக்காளி வண்டியா?" என்று பிடித்துக்கொண்டேன். பல நாள் வீட்டில் இதே சண்டைதான். கடைசியில் "சரி, தொலையட்டும்" என்று டிரைவர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். எல்லோரும் "சரிங்க மொதலாளி" என்று தலையாட்டினார்கள். ஒருவர்கூட நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

முதலில் நிறுத்தியவர் பழனிப் பக்கத்து இளம் டிரைவர் ஒருவர். "ஏனுங்க மொதலாளி, பிரேக்கு கருகுற வாசம் வருதுங்க" என்று வழியிலிருந்து போனில் சொல்லிவிட்டு, லோடு ஏறிய வண்டியை ஓரங்கட்டிவிட்டார். மெக்கானிக் வந்து சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் யாரோ பழைய டயரைக் கொளுத்தியிருக்கிறார்கள்! காய் போய்ச் சேர்ந்தபோது கேரளச் சந்தையில் ஏலம் முடிந்திருந்தது. கிடைத்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதாயிற்று.

அந்த டிரைவர் திரும்பி வந்து நின்றபோது மற்ற டிரைவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கணவருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. வாயைத் திறந்தார், மூடினார். "நிறுத்துனது நல்லதுதான் தம்பி. போயி டீ குடி" என்றார். பிறகு உள்ளே வந்து பிளாஸ்டிக் நாற்காலிக்கு ஓர் உதை விட்டார். அப்போது அவர் மேல் எனக்கு வந்த பிரியத்தைச் சொல்லி மாளாது.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம், எங்களிடம் ரொம்ப காலமாக லாரி ஓட்டும் எரியோடு ஊர்க்கார அண்ணன் ஒருவர் ஆபீஸுக்குள் வந்தார். வண்டி லோடோடு கிளம்பத் தயாராக நின்றது. அவரோ சாவியைத் தொடாமல் நின்றார்.

"என்னண்ணே, வண்டியில ஏதும் கோளாறா?" என்றேன்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு தாயி. கோளாறு எனக்குத்தான். ராத்திரியில எதுத்தாப்புல லைட்டு வந்தா ரோடு தெரிய மாட்டேங்குது. ரெண்டு வருசமா இப்படித்தான். சொன்னா வீட்டுக்கு அனுப்பிருவீங்களோன்னு பயம். மக காலேஜில படிக்கிறா. அன்னைக்கு அந்தத் தம்பிய மொதலாளி திட்டல. அதான் வந்தேன்."

நடை கூடிவிட்டது என்று நான் பூரித்துப்போன ராத்திரிகளில் எல்லாம், இந்த மனிதர் மலைப்பாதையில் ரோடு தெரியாமல் இறங்கியிருக்கிறார்.

என் கணவர் எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். "யாரு உங்கள வீட்டுக்கு அனுப்புறது? இனி பகல்ல சாணார்பட்டிப் பக்கம் காய் எடுக்குற வண்டி உங்களுது. காலையில மொத வேலையா கண்ணாஸ்பத்திரிக்குப் போறோம்" என்றார்.

அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். கொஞ்சம் ஆறியதும் கேட்டேன், "இத்தன நாளும் எப்படிண்ணே ஓட்டுனீங்க?"

"முன்னால போற வண்டியோட செவப்பு லைட்டப் பாத்துக்கிட்டே போவேன் தாயி."

"முன்னால வண்டி இல்லாட்டி?"

"மாதா மேல பாரத்தப் போட்டுட்டுப் போவேன்."