வசந்தியைக் கொடுத்து ரெஜினாவை எடுத்தோம்

மகளின் கைபேசிக்குள் இரண்டு அமெரிக்கர்கள் வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பேஸ்போல் அணி, பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்பக்கூடிய ஒருவரை இன்னொரு அணியிடமிருந்து மாற்றி எடுக்கலாமா, கூடாதா என்பதுதான் விஷயமாம். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நான், "அவருக்குப் பதிலா ஆரைக் குடுக்கினமாம்?" என்று கேட்டேன். அம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று மகள் பிரெஞ்சில் வியந்தாள்.

நாங்களும் ஒருமுறை மாற்றியவர்கள்தானே.

எங்கள் ஆட்டம் எல்லே. பேஸ்போலுக்கு இலங்கையில் பிறந்த தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூங்கில் தடியால் ரெனிஸ் பந்தை அடித்துவிட்டு வட்டமாக ஓடிவர வேண்டும். மேலே போன பந்தை எதிரணி பிடித்தாலோ, ஓடும்போது எறிந்து உடம்பில் பட்டாலோ ஆள் வெளியே. பந்து போடுகிறவர் மட்டும் அடிப்பவரின் சொந்த அணிக்காரர். பாரிஸ் லாச்சப்பல் பெண்கள் அணியில் அந்த வேலை என்னுடையது. எனக்கு ஓட்டம் வராது என்று கண்டுபிடித்த பிறகு தந்த வேலை.

அப்போது நான் மரக்கறிக்கடையில் வேலைக்கு நின்றேன். அணித் தலைவி பரமேஸ் அக்கா அதே தெருவில் தையல்கடை வைத்திருந்தார். புதுத் துணியில் இஸ்திரிப் பெட்டி படும் மணம் எங்கே வந்தாலும் எனக்கு அந்தக் கடையின் பின்னறைதான் நினைவுக்கு வரும். ரவிக்கைகளுக்கு நடுவே உட்கார்ந்துதான் எங்கள் கூட்டங்கள் எல்லாம் நடந்தன. எங்களிடம் நல்ல கைகள் இருந்தன, நல்ல கால்களும் இருந்தன. தூர அடிக்கத்தான் ஆளில்லை. ஒவ்வொரு கோடை விழாவிலும் தோற்றுத் திரும்பினோம்.

புறநகர் ஓல்னே அணியில் தூர அடிக்கிற ரெஜினா இருந்தாள். மன்னார்க்காரி, அலுவலகங்கள் துப்புரவு செய்பவள். எதிரணி அடிக்கும்போது தடிக்குக் கிட்டவே நிற்பாள், அதிகம் பேசமாட்டாள். அவளைத் தரலாம், பதிலுக்கு வசந்தியைத் தாருங்கள் என்று அவர்கள் கேட்டனுப்பினார்கள். வசந்தி எங்கள் அணியின் முதல் நாளிலிருந்து இருப்பவள். உணவகத்தில் பாத்திரம் கழுவிய கையால் அவள் பிடிக்காத பந்தே இல்லை. கணவர் போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்தது மைதானத்தில் மட்டும்தான்.

பின்னறை இரண்டாகப் பிரிந்தது. அடிக்கிற ஆள் இல்லாமல் எத்தனை காலம் ஓடுவது என்றார்கள் சிலர். பரமேஸ் அக்கா ஊசியைத் துணியில் குத்திவிட்டு, "என்ரை பிள்ளையைக் குடுத்து எனக்கு ஒரு வெற்றியும் வேண்டாம்," என்றார். வசந்தி தேநீரை ஆற்றிக்கொண்டே, முதலில் எங்கள் பந்துக்கு அவள் அடிப்பதைப் பார்ப்போம் என்றாள்.

ஒபர்வில்லியேயில் களஞ்சியங்களுக்குப் பின்னால் ஒரு புல்வெளி. அங்கே ரெஜினாவை வரச்சொன்னோம். கழுத்துச் சிலுவையை முத்தமிட்டுச் சட்டைக்குள் விட்டாள். நான் பந்தைப் போட்டேன். தடி சுழன்றதை நான் காணவில்லை. சத்தம் கேட்டது, பந்தைக் காணோம். அண்ணாந்து பார்த்தால் பொப்லார் மரங்களுக்கு மேலே ஒரு புள்ளி, இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. அவ்வளவு கிட்ட நின்று அப்படியொன்றை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பந்து களஞ்சியக் கூரையைத் தாண்டிப் போய்விட்டது.

தூரத்தில் நின்ற வசந்தி ஓடவேயில்லை. இடுப்பில் கை வைத்து வானத்தையே பார்த்தபடி நின்றாள். பிறகு மெதுவாக நடந்து வந்தாள்.

"நான் போறன் அக்கா. இவவை விட்டிடாதேங்கோ."

பரமேஸ் அக்கா அழுதார். வசந்தி அழவில்லை. ரெஜினா தடியைப் புல்லில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அந்தக் கோடையில் இறுதியாட்டத்துக்கு வந்தோம். எதிரே ஓல்னே. கடைசியாக அடிக்க வந்தவள் ரெஜினா. நான் போட்ட பந்தை, ஒபர்வில்லியேயில் அடித்ததைவிடப் பெரிதாக அடித்தாள். எங்கள் பக்கம் எழும்பிக் குதித்தது. ஒருத்தி மட்டும் எல்லாருக்கும் முதுகைக் காட்டியபடி ஓடிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் தலைக்கு மேலே கைகளை நீட்டினாள் வசந்தி. பந்து அதற்குள் வந்து இறங்கியது.

தோற்றோம். பாதி வட்டத்தில் நின்றுவிட்ட ரெஜினா, நேரே வசந்தியிடம் நடந்துபோய் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்து விரித்துப் பார்த்தாள். அந்த மாற்று சரியா பிழையா என்று அதற்குப் பிறகு பின்னறையில் ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது அந்தப் புல்வெளியில் அடுக்குமாடி எழும்பிவிட்டது. தையல்கடை கைபேசிக்கடையாகிவிட்டது. பரமேஸ் அக்கா மகனோடு லண்டனில் இருக்கிறார். ரெஜினா முழங்கால் போய், கனடாவுக்கும் போய்விட்டாள். வசந்தியை எப்போதாவது கார் து நோர் நிலையத்தில் காண்பேன், இருவரிடமும் பைகள் இருக்கும், ரயில் வந்துவிடும். கோடை விழா மட்டும் இன்னும் நடக்கிறது. பெண்களுக்கு எல்லேக்குப் பதிலாகச் சங்கீதக் கதிரைப் போட்டி வைக்கிறார்கள்.