எடை ஏறாத அக்கா

எடை பார்க்கும் இயந்திரத்தைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். கச்சிபௌலியில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் ஒன்று இருக்கிறது. அரைக் கிலோ குறைந்ததற்கு அதன் மேல் நின்று குதூகலிப்பவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனாலும் அந்தப் பக்கம் நான் போவதில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பதினொன்று. அப்பா ரயில்வே பணிமனையில் ஒப்பந்தக் கூலி. அந்த வருடம் அந்த வேலையும் கைவிட்டுப் போயிருந்தது. அம்மா காலை ஆறு மணிக்கே தார்நாகாவுக்குக் கிளம்பிவிடுவாள். மூன்று வீட்டுப் பிள்ளைகளுக்குத் தோசை வார்த்து, டிபன் கட்டி, பள்ளிக்கூடம் அனுப்புவது அவள் வேலை. அவள் பெற்ற நாங்கள் இரண்டு பேரும் வரக்காப்பியைக் குடித்துவிட்டு எங்கள் பள்ளிக்கூடத்துக்கு நடப்போம்.

அங்கேதான் மாதாப்பூரிலிருந்து ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து சாப்பாடு போட ஆரம்பித்தார்கள். காலையில் இட்லியும் ராகிக் கஞ்சியும், பதினொரு மணி இடைவேளைக்கு ஓர் அவித்த முட்டையும் கடலை மிட்டாயும். அந்தச் சாப்பாட்டைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். என் கோபமெல்லாம் அதைக் கொடுத்த விதத்தின் மேல்தான். வயதுக்கேற்ற எடை இல்லாத பிள்ளைகளுக்கு மட்டுமே பட்டியலில் இடம். ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை எடை பார்ப்பார்கள். தேறிவிட்டால் பெயரை அடித்துவிட்டு வேறொரு பிள்ளையைச் சேர்ப்பார்கள். இந்தப் பிள்ளை எதனால் தேறியது, நாளையிலிருந்து அதன் வயிற்றுக்கு என்ன வழி என்று அவ்வளவு படித்தவர்களில் ஒருவருக்குக்கூடக் கேட்கத் தோன்றவில்லை. வெங்காயம் நிறுப்பவன்கூட இதைவிடக் கொஞ்சம் யோசித்திருப்பான்.

மூன்றாவது மாதம் நான் தேறினேன். எடை பார்க்க வந்த மேடம் தமிழ்க்காரி, தெலுங்கு பேசும் எங்கள் ஊருக்குப் புதிதாக வேலைக்கு வந்தவள். தமிழ் பேசுகிறோம் என்பதால் எங்கள் மேல் தனிப் பிரியம். என்னை ஸ்டூலில் ஏற்றிவிட்டு எல்லோரையும் கைதட்டச் சொன்னாள். நட்சத்திரம் போட்ட சான்றிதழ் ஒன்றையும் என் கையில் கொடுத்தாள்.

“சூப்பர்டா கண்ணு, நீ ஜெயிச்சுட்ட. இனிமே உனக்கு இது தேவையில்ல” என்றாள்.

அடுத்து அக்கா ஏறினாள். முள் போன மாதம் நின்ற இடத்திலேயே நின்றது. தங்கச்சி சாப்பிடுவதைத்தானே நீயும் சாப்பிடுகிறாய், ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, இல்லை தூக்கிப் போடுகிறாயா என்று அத்தனை பிள்ளைகள் முன்னால் மேடம் கேட்டாள். அக்கா தலையைக் குனிந்துகொண்டு, “துன்றேன் மேடம்” என்றாள். அந்த நேரத்திலும் மேடம், சாப்பிடறேன் என்று சொல்ல வேண்டும் எனத் திருத்தினாள். மேடம் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு இத்தனை வருடம் கோபப்படுவது சுலபமாக இருந்திருக்கும்.

சான்றிதழை வீட்டில் காட்டினேன். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அப்போ நாளிக்கிலேர்ந்து உனுக்குக் கஞ்சி கெடியாதா?”

நான் பாஸாகிவிட்டேன் என்று அவளுக்கு விளக்கினேன். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் இடைவேளையில் அக்கா என்னைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், பாவாடைப் பையிலிருந்து முட்டையை எடுத்துக் கொடுத்தாள். அதன் பிறகு தினமும் கொடுத்தாள். கடலை மிட்டாயிலும் பெரிய துண்டு எனக்குத்தான். அவளுக்கு வேண்டாமா என்று ஒரு நாள் பேச்சுக்குக் கேட்டேன். “எனக்கு நக்கோ, வேணாம்” என்றாள். ஜெயித்தவளுக்குத் தோற்றவள் கொடுக்கிறாள், இதில் என்ன அதிசயம் என்று நானும் வாங்கிக்கொண்டேன்.

அம்மா எங்களுக்கென்று நிதானமாகச் சமைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். சுடுசோறும் கருவாட்டுக் குழம்பும் வாசலுக்கே மணக்கும். ஆனால் எடை பார்க்கும் திங்கட்கிழமைக்கு முந்தைய ஞாயிறு வந்தால் அக்காவுக்கு வயிற்றுவலி வந்துவிடும். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். முதல் தடவை அம்மா கஷாயம் வைத்துக் கொடுத்தாள். அடுத்த மாதம் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வற்புறுத்தவில்லை. அக்காவின் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு தட்டையும் நான் வழித்துத் தின்றேன்.

அப்படியொரு திங்கட்கிழமை, இயந்திரத்தின் மேல் ஏறிய அக்கா அப்படியே சரிந்து விழுந்தாள். மேடம் பதறிப்போய் அவளை மடியில் போட்டுக்கொண்டு குளுக்கோஸ் புகட்டினாள். கண் திறந்ததும் மறுபடி ஏற்றி எடை பார்த்தாள். போன மாதத்தைவிடக் குறைந்திருந்தது. இந்தப் பிள்ளையின் பெயரை வருடம் முடியும் வரை எடுக்கக் கூடாது என்று டீச்சரிடம் சொல்லிச் சிவப்பு மையில் எழுதிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போது அக்காவுக்குக் கால் பின்னியது. என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். ஆனால் அவள் முகத்தில் அப்படியொரு சிரிப்பு. இத்தனை மாதம் தின்றும் தேறாதவள் எதற்கு இவ்வளவு சந்தோஷப்படுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அவள் கையை உதறிவிட்டு முன்னால் ஓடி, தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளிடமெல்லாம் சொன்னேன், எங்கள் அக்கா மறுபடியும் ஃபெயில் என்று.