மறையூர் மேட்டில் ஐந்து பர்லாங் ஃபாக்

காலை ஐந்தேமுக்காலுக்கு வேலந்தாவளத்தில் பஸ் ஏறினேன். பொள்ளாச்சிக்கு எட்டணா. தை பிறந்து பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. சந்தை கூடாத நாளாகப் பார்த்துத்தான் புறப்பட்டேன். இருபது வருஷமாக அந்தச் சந்தையில் மாடு வாங்கி விற்கிறவன் நான். அரை மைலுக்கு அப்பால் வரும் காளையின் நெற்றிச் சுழியைக்கூடச் சொல்லிவிடுவேன் என்று ஊரில் கேலி பேசுவார்கள். சுழியெல்லாம் தெரியாது. காளையா பசுவா என்பது தெரியும்.

பயணம் என் தங்கை பாப்பாத்தியின் வீட்டுக்கு. அவள் கணவர் நாச்சிமுத்து, மறையூருக்கு மேலே பன்னிரண்டு மைலில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். கல்யாணமாகி ஆறு வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் முதல் தடவையாகப் போகிறேன். அண்ணன் என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருந்தது.

ஏழரைக்குப் பொள்ளாச்சி. இட்டிலியும் காபியும் நாலணா. ஒன்பதரைக்கு உடுமலைப்பேட்டையில் இறங்கியபோது எஸ்டேட் லாரி எனக்காகக் காத்திருந்தது. டிரைவர் சுடலைமுத்து திருநெல்வேலிச் சீமைக்காரர், ஐம்பதைத் தொட்ட வயது. பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். சின்னாற்றுச் சாவடியைத் தாண்டினால் மறுபடியும் திருவிதாங்கூர்-கொச்சி. விடியற்காலையில் விட்டுப் புறப்பட்ட ராஜ்யத்துக்கே நடுப்பகலில் வந்து சேர்ந்திருந்தேன். இதற்கு எழுபது மைல் சுற்று!

மலை ஏறும்போது சுடலைமுத்து பேச்சைக் குறைத்துக்கொண்டார். என்ன விஷயம் என்று கேட்டேன்.

"போன செவ்வாக்கிழமை காலைல ஆறு மணிக்கு லோடு எடுத்துக்கிட்டு எறங்கினேன் அண்ணாச்சி. ரோடு நல்லாத் தெரிஞ்சுது. ஆனா நா எறங்கின பொறவு ஒங்க மாப்பிள்ளை ஆபீஸ் புஸ்தகத்துல அன்னைக்கு ஃபாக்னு எழுதியிருக்காவ. ஃபாக்ல வண்டிய எறக்கினா வேலை போச்சு. நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை."

"அவரிடமே சொல்ல வேண்டியதுதானே?"

"அவுக பொய் எழுத மாட்டாவ. அதான் எனக்கே சந்தேகம் வந்துட்டு, நாந்தான் சரியாப் பாக்கலியோன்னு."

மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். எஸ்டேட் நாலாயிரம் அடிக்கு மேல். வேலந்தாவளத்துக் கரிசலில் கள்ளிச்செடியைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அவ்வளவு பச்சை கொஞ்சம் அதிகம்தான். பாப்பாத்தி பலகாரத்தை வைத்தபடியே, கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயத்து மாரியம்மன் கோயிலைப் பற்றிச் சொன்னாள்.

"பொங்கலுக்கு முன்னால கோயிலுக்குப் பெயின்ட் அடிச்சோமுங்கண்ணா. அம்மனுக்குன்னா பச்சைதானுங்களே? உச்சியிலிருந்து அடி வரைக்கும் பச்சை. இவருதான் முன்னால நின்னு அடிக்க வெச்சாரு."

நாச்சிமுத்து முகத்தில் சந்தோஷம். நான் லாரி விஷயத்துக்கு வந்தேன்.

"ஃபாக்னா என்னங்க மாப்பிள்ளை? நம்மூர்ல எல்லாமே பனிதானுங்களே?"

"குளுருதா, நனையுதாங்கறது பேச்சே இல்லீங்க மச்சான். எத்தனை தூரம் கண்ணுக்குத் தெரியுதுங்கறதுதான். அஞ்சு பர்லாங்குக்கு அந்தாண்ட இருக்கறது தெரியலீன்னா ஃபாக். தெரிஞ்சுதுன்னா, எத்தனை வெள்ளையா இருந்தாலும் மிஸ்ட்தான். நம்மூர்ல சித்திரையில ஈரமே இல்லாம புழுதி தொங்குதே, அது ஹேஸுங்க."

ஆபீஸ் படியிலிருந்து கோயில் சுவர் வரைக்கும் சங்கிலி போட்டு அளந்திருக்கிறார்கள். சரியாக ஐந்து பர்லாங், அரை மைலுக்குக் கொஞ்சம் மேல். ஆறு வருஷமாகத் தினமும் காலை ஆறரைக்கு மூன்றாவது படியில் நின்று அந்தச் சுவரைப் பார்ப்பார். பார்த்ததைப் புத்தகத்தில் எழுதி, லாரி ஷெட்டுப் பலகையிலும் சாக்பீஸால் எழுதிவிடுவார். லயத்தில் ஃபாக் என்பது தமிழாகவே ஆகிவிட்டது. யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், "என்ன, காலைலயே ஃபாக் எறங்கிட்டா?" என்கிறார்கள். அளவு கேட்டால் சின்னப் பிள்ளைகள்கூட ஐந்து பர்லாங் என்கின்றன. எங்கள் பக்கத்துப் படித்தவர்களுக்கு இது தெரியுமா என்று நினைத்துப் பார்த்தேன்.

மறுநாள் காலை ஆறரைக்கு நானும் அவரோடு படியில் நின்றேன். எங்கும் ஒரே வெள்ளைப் படலம், அதற்குள் மங்கலாகப் பச்சை. அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு புத்தகத்தில் ஃபாக் என்று எழுதினார்.

எனக்கு மாட்டு வியாபாரியின் கண். "அந்த ரெண்டு வெள்ளை மாடு யாருதுங்க?" என்றேன்.

"எந்த மாடு?"

"அதோ, சரிவுல. ஒண்ணு படுத்திருக்குது, ஒண்ணு நிக்குது."

என் விரல் போன வழியே பார்த்தார். மாடுகள் அவருக்கும் தெரிந்தன. "அது பூசாரி மாடுங்க. கோயில் வாசல்லதான் கட்டுவாரு" என்றவர் புத்தகத்தில் எழுதியதைத் திரும்பப் பார்த்தார். ஐந்து பர்லாங்கில் மாடு தெரிகிறது, மாட்டுக்குப் பின்னால் நாலு ஆள் உயரத்துக்கு நிற்கும் கோயில் தெரியவில்லை. பச்சைத் தேயிலைக்கு நடுவே பச்சைக் கோயில்! சுண்ணாம்பு அடித்திருந்த வரைக்கும் பளிச்சென்று தெரிந்த அடையாளத்தை, அம்மனுக்கு நல்லது செய்வதாக எண்ணி, அவரே அழித்திருந்தார். பெயின்ட் அடித்த பிறகு பத்துக் காலைகள் ஃபாக் எழுதியிருந்தார். அதில் ஒன்று சுடலைமுத்துவின் செவ்வாய்க்கிழமை.

இது எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. "அவசரப்படாதீங்க மாப்பிள்ளை, ஆறு வருஷத்துப் பேரு" என்றேன். வெட்கத்தோடு எழுதுகிறேன், அதுதான் நான் சொன்னது. காபி கொண்டுவந்த பாப்பாத்தி காதிலும் அது விழுந்தது.

"அந்த டிரைவருக்கும் ஊடு வாசல் இருக்குதுங்கண்ணா" என்றாள். நாச்சிமுத்து காபியைக் குடிக்காமலே எழுந்தார்.

பத்து மணி. விசாரணை தொடங்குவதற்கு முன்பே அவர் புத்தகத்தை மேனேஜர் மேஜையில் விரித்து வைத்தார். நான் வாசலில் நின்றேன். சுடலைமுத்து தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நின்றார். மேனேஜர் கொச்சிப் பக்கத்து மலையாளி.

"இந்தப் பத்து நாள் ஃபாக்கா மிஸ்ட்டான்னு எனக்குத் தெரியாதுங்க சார். தெரியாததை எழுதிப்போட்டேன். செவ்வாக்கிழமைக்கு இந்தப் புஸ்தகம் சாட்சி ஆகாதுங்க."

மேனேஜர் முழுவதையும் கேட்டார். மாட்டுக் கதை வந்தபோது என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார்.

"பின்னே, ஆறு வருஷம் எழுதினதை நான் எங்ஙனே நம்பும்?"

"இந்தப் பத்து நாளை நானா வந்து சொன்னேனுங்களே சார். அதை வெச்சு நம்புங்க."

மேனேஜர் கொஞ்ச நேரம் புத்தகத்தைப் புரட்டினார். பிறகு சிவப்பு மை எடுத்துக் கொடுத்து, பத்து வரியையும் அடித்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டு முடித்ததும் புத்தகத்தை மூடி நாச்சிமுத்து கையிலேயே கொடுத்தார். டிரைவரைப் பார்த்து, "வண்டி எடுக்கான் பொய்க்கோ" என்று வண்டியை எடுக்க அனுப்பிவிட்டார்.

வெளியே வந்ததும் நாச்சிமுத்து எல்லார் முன்னாலும் சுடலைமுத்துவிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் பதறிப்போனார்.

"என்னய்யா இது! கோயிலுக்குப் பெயின்ட் வாளி தூக்கினவன் நான். பாதித் தப்பு எனக்கும் வேண்டாமா?"

அன்று மாலை இரண்டு பேருமாகச் சேர்ந்து, ஆபீஸைப் பார்த்த சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்தார்கள். மற்ற மூன்று சுவரும் அம்மனுக்காகப் பச்சையாகவே இருக்கின்றன.

அதற்கு அடுத்த நாள் காலை ஏழு மணிக்குப் பெட்டியோடு லாரி ஷெட்டுக்கு வந்தேன். பலகையில் ஃபாக் என்று எழுதியிருந்தது. எனக்கென்னவோ எதிரே கால் மைல் ரோடு நன்றாகவே தெரிந்தது. உடுமலையில் பொள்ளாச்சி பஸ் பதினொன்றுக்கு, புறப்பட்டால் பிடித்துவிடலாம். சுடலைமுத்து இன்ஜினைத் தொடாமல் பீடி பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ரோடுதான் தெரிகிறதே, போகலாமே?" என்றேன்.

"அவுக எழுதியிருக்காவளே அண்ணாச்சி. அவுக எழுதினா ஃபாக்தான்."

ஒன்பதரை வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். பதினொரு மணி பஸ் தவறிப்போயிற்று. வீட்டுக்கு வந்து சேர இருட்டிவிட்டது. இத்தனை பெருமையோடு நான் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டது இதுதான் முதல் தடவை.