அந்த வாத்தியாரின் மனைவிக்குப் படிக்கத் தெரியுமா?

என் மனைவி இறந்து ஏழு மாதம் ஆகிறது. நான் நாலாம் வகுப்போடு தறிக்கு வந்தவன். வாசிக்கத் தெரியும், இப்படி உட்கார்ந்து எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் இதை யாரிடமும் வாயால் முழுசாகச் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சின்னாளபட்டியில் எங்கள் கொட்டகையில் ஆறு தறி. மத்தியானம் டீக்கு நிறுத்தும்போது நான் பேப்பரை உரக்க வாசிப்பேன், மற்றவர்கள் கேட்பார்கள். அவள் இறப்பதற்கு முந்தின மார்கழிக் கடைசியில் பிரதம மந்திரி தாஷ்கண்டில் இறந்துபோனார் என்று செய்தி வந்தது. அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று கொட்டகையில் ஒரே சண்டை. சீனாவில் இருக்கிறது என்று பக்கத்துத் தறிக்காரன் சத்தியமே செய்தான். திண்டுக்கல்லுக்கு நூல் எடுக்கப் போனபோது அங்கே ஒரு வாசகசாலையில் விசாரித்தேன். அதைப் பார்த்துக்கொள்கிறவர், ருஷ்யாவிலிருந்து தமிழில் வருகிற பத்திரிகையின் பழைய இதழ் ஒன்றைக் கையில் கொடுத்து, “படிச்சிட்டுத் திருப்பிக் குடுத்துரணும் தம்பி” என்றார்.

அதில், தாஷ்கண்ட் இருக்கிற உஸ்பெக் நாட்டைப் பற்றி நாலு பக்கம் இருந்தது. பருத்தி விளைகிற பூமி. அறுபது வருஷத்துக்கு முன்னால் அங்கே பிள்ளைகள் வருஷக்கணக்காக அர்த்தம் தெரியாமல் மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தார்களாம். சமர்கந்து, தாஷ்கண்ட் பக்கம் சில வாத்தியார்கள் தங்கள் வீட்டிலேயே புதுப் பள்ளிக்கூடம் வைத்தார்கள். எழுத்தின் சத்தத்தைச் சொல்லி, உடனே அதை வார்த்தையாகக் கூட்டி, ஒன்றரை மாதத்தில் வாசிக்க வைத்தார்கள். கைக்காசு போட்டுப் பத்திரிகை நடத்தினார்கள், நாடகம் போட்டார்கள். பெண் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்றார்கள். மதத்தைக் கெடுக்கிறான் என்று ஊர் அவர்களை ஏசியது. நான் ராகம் போட்டு வாசித்தேன். மூன்று நாள் ஓடியது அந்த நாலு பக்கம். பெண் கல்வியைப் பற்றி என் சொந்தச் சரக்கும் கொஞ்சம் சேர்த்து விட்டேன்.

கொட்டகைச் சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் வீடு. என் மனைவி அங்கே உட்கார்ந்து ராட்டையில் தறிக்கு வேண்டிய நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருப்பாள். மூன்றாம் நாள் ராட்டைச் சத்தம் நின்றது.

“மச்சான், அந்த வாத்தியாரு பொண்டாட்டிக்குப் படிக்கத் தெரியுமா?” என்று சுவருக்கு அப்பாலிருந்து கேட்டாள்.

கொட்டகை சிரித்தது. “ஏலே அப்பு, மேலிடத்துல இருந்து கேள்வி வருதுலே. பதில் சொல்லு!” என்றான் பக்கத்துத் தறிக்காரன்.

“அதெல்லாம் இதுல போடல புள்ள” என்றேன்.

“போடலன்னா தெரியாதுன்னு அர்த்தம்” என்றாள். ராட்டை மறுபடி சுற்ற ஆரம்பித்தது.

அடுத்த தடவை திண்டுக்கல் போனபோது வாசகசாலைக்காரரிடம் இதைக் கேட்டேன். அவர் யோசித்து, “சில வாத்தியார் வீட்டுல சம்சாரமே பொம்பளப் பிள்ளைகளுக்கு உள்கட்டுல பாடம் நடத்துனாகன்னு படிச்சிருக்கேன்” என்றார். வீட்டுக்கு வந்து இதை அவளிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அடுத்து என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும்.

சொல்லாவிட்டாலும் கேட்டாள். அப்போது அவளுக்கு நாலாம் மாதம்.

“ஏழாம் மாசம் வளையல் போட்டு என்னையக் கூட்டிட்டுப் போயிருவாக. அதுக்குள்ள எழுதச் சொல்லிக்குடுங்க மச்சான். அங்கன போயி ஒங்களுக்கு நானே கடுதாசி போடணும்.”

“ஏன், ஒந்தம்பி எட்டாப்பு படிச்சவன்தானே. அவன் எழுத மாட்டானா?”

“அவன்ட்ட எல்லாத்தையும் சொல்ல முடியுமா?”

“அடியேய், அப்படி என்னத்தச் சொல்லப் போறே எனக்கு?” என்று நான் கண்ணடித்தேன். அவள் தார்க்குச்சியை என் மேல் எறிந்தாள். ஆசையாக ஏதோ எழுதத்தான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் எனக்குப் புத்தி போகவில்லை.

சித்திரை முகூர்த்தச் சேலை முடியட்டும் என்றேன். சித்திரை முடிந்ததும், தறியில் அடுத்த பாவு நூல் ஏற்றியாகிவிட்டது, இது நெய்து இறங்கட்டும் என்றேன். வைகாசியில்தான் சிலேட்டை எடுத்தேன். “ஒன்றரை மாசத்துல வாசிக்க வச்சாகளே, அந்த மாதிரி சொல்லிக்குடுங்க. எனக்கு எல்லாம் வேணாம். கடுதாசிக்கு வேணுங்கறது போதும்” என்றாள். எனக்கு அந்த மாதிரி தெரியாது. மூன்று நாள் ராகம் போட்டு வாசித்தேனே தவிர, எப்படிச் செய்தார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. என்னைக் குட்டிச் சொல்லிக்கொடுத்தபடியே, அனா ஆவன்னா என்று வரிசையாகச் சொல்ல வைத்தேன். அதுவும் வாரத்துக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ. ஔவன்னாவுக்கு வரும்போது வளைகாப்பு வந்துவிட்டது.

என் மாமனார் சேவுகம்பட்டியில் குடியேறி இரண்டு தறி போட்டிருந்தார். அவளை அங்கே கூட்டிப் போனார்கள். பத்து நாளுக்கு ஒரு கார்டு வந்தது. எல்லாம் மச்சினன் கையெழுத்து. ‘இங்கு யாவரும் நலம். அக்காவும் நலம். நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள்.’ இரண்டாவது கார்டின் அடியில், காக்கைக் கால் மாதிரி கோணலாக அ, ஆ, இ, ஈ என்று ஔ வரை பன்னிரண்டு எழுத்து இருந்தது. அவளிடம் இருந்தது அவ்வளவுதான், அவ்வளவையும் அனுப்பியிருக்கிறாள். நான் அதைக் கொட்டகையில் எல்லாருக்கும் காட்டினேன். “இம்புட்டுத்தானா பாடம்? வாத்தியாரு கூலிக்கு ஏத்த மாதிரில்ல நடத்திருக்காரு!” என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆடி மாதம் ஒரு நாள் காலையில் பாவுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தபோது மச்சினன் தெருவில் ஓடி வந்தான். அவளுக்கு வலிப்பு மாதிரி இழுப்பு வந்து வத்தலக்குண்டு ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கொண்டுபோயிருக்கிறார்கள். கஞ்சிக் கையோடு பஸ் ஏறினேன். நான் போய்ச் சேரும்போது மத்தியானம். அவளும் இல்லை, வயிற்றுப் பிள்ளையும் இல்லை.

காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு, என் அத்தை, அவளைப் பெற்றவள், சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “காலு ரெண்டும் பூசணிக்கா மாதிரி வீங்கிருச்சு மாப்ள. கண்ணு மங்குதுன்னா. கீழயும் என்னமோ நோவுன்னா. மொதப் புள்ளைக்கு அப்படித்தான் இருக்கும்னு நான் சொல்லிட்டேன். ஒங்களுக்குத் தெரியப்படுத்தணும்னு சொன்னா. தம்பியக் கார்டு எடுத்துட்டு வரச் சொன்னேன். அவன் வந்து ஒக்காந்தான். அவன் மூஞ்சியப் பாத்துட்டு, நல்லா இருக்கேன்னு எழுதுடான்னுட்டா. ஆம்பளப் பய, தம்பி. அவன்ட்ட எப்படிச் சொல்லுவா?”

எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, நடக்கிற தூரத்தில் பிரசவ ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கேயிருந்து வருகிற நர்ஸ் அம்மா, கால் வீங்கினால், கண் மங்கினால் அன்றைக்கே கூட்டி வாருங்கள் என்று எங்கள் தெருவில் வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போவார். எனக்கு அது தெரியும். ‘கால் வீக்கம்’ என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் அன்றைக்கே போய்க் கூட்டி வந்திருப்பேன். பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. கூட்டி வந்திருப்பேன், அது தெரியும்.

பத்திரிகையைத் திருப்பிக் கொடுக்கத் திண்டுக்கல் போனேன். வாசகசாலைக்காரருக்கு விஷயம் தெரிந்திருந்தது. என்ன பேசுவது என்று தெரியாமல் அந்த வாத்தியார்களைப் பற்றியே பேசினார். “இதுல போடாத ஒண்ணு இருக்கு தம்பி. இவுகள்ல பல பேரைப் பின்னாடி அந்த ருஷ்ய அரசாங்கமே பிடிச்சுச் சுட்டிருச்சு. இப்பத்தான் கொஞ்சங் கொஞ்சமாப் பேரு சொல்றாக” என்றார். கொன்றவர்களே பிற்பாடு புகழ்ந்து எழுதினால் செத்தவர்களுக்கு என்ன வந்தது என்று பஸ்ஸில் வரும்போது நினைத்தேன். பிறகு என்னை நினைத்தேன். நானும் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

ஒரு மாதம் கழித்துக் கொட்டகையில், “ஏதாச்சும் வாசிலே அப்பு, மனசு ஆறும்” என்றார்கள். பேப்பரை விரித்தேன். மறுபடி மடித்து வைத்தேன். அத்தை சொன்னதை அப்படியே சொன்னேன். கார்டைக் காட்டி நான் சிரித்ததையும் சொன்னேன். டீ ஆறிப்போனது.

மறுநாள் மத்தியானம் பக்கத்துத் தறிக்காரன் அவன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவளுக்கு ஐந்தாம் மாதம்.

“இவளுக்குச் சொல்லிக்குடு” என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. “ஏன், ஒனக்கு எழுத்துத் தெரியாதா? நீ அஞ்சாப்பு. நான் நாலாப்பு. ஒம் பொண்டாட்டிக்கு நீ சொல்லிக்குடுலே. என்னால ஏலாது.”

அவன் மனைவிதான் முன்னால் வந்து பேசினாள். “அண்ணே, நீங்க வாசிச்சதச் சொவத்துக்கு அங்கிட்டு மதினி மட்டுமா கேட்டாக? நானும் பக்கத்துல ஒக்காந்துதானே தார் சுத்துனேன். மதினி வாய் விட்டுக் கேட்டாக. எனக்குக் கேக்கத் தைரியமில்ல.”

அதற்குப் பிறகு மறுக்க முடியவில்லை. முதல் நாள் அவளுக்குக் ‘கால்’ என்று எழுதக் காட்டினேன். அடுத்து ‘வலி’. அப்புறம் ‘கண்’. தினமும் ஒரு மணி நேரம். ஐப்பசியில் அவள் தாய் வீட்டுக்குப் போனாள். கார்த்திகையில் அவளே எழுதிய கார்டு வந்தது. அவன் தறியிலிருந்து எழுந்து என்னிடம் ஓடி வந்து நீட்டினான். ஏழெட்டுப் பிழை இருந்தது. கால் வீக்கம் இல்லை, இருமல் இருக்கிறது என்று எழுதியிருந்தாள். மார்கழியில் ஆண் பிள்ளை பிறந்தது. இருவரும் சுகம்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பொறாமை வந்தது. அவன் மனைவி பிழைத்தது என்னால் தாங்க முடியாமல் இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது. இரண்டு நாள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம், தெருவிலிருந்து மூன்று பெண்கள் வந்து கொட்டகை வாசலில் உட்கார்ந்தார்கள். சிலேட்டு கொண்டு வந்திருந்தார்கள். போகச் சொல்லலாமா என்று பார்த்தேன். ஒருத்திக்கு வயிறு தெரிந்தது. அவளிடம், “எந்த ஊரும்மா ஒனக்குத் தாய் வீடு?” என்று கேட்டேன்.

“ஆயக்குடிப் பக்கமுங்க” என்றாள்.

தூரம்தான், கடுதாசிதான் வர வேண்டும். தறியை விட்டு எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.