புகை வராத வண்டி

கோக்-சாய் மலைக்கிராமத்தில் புருல்சாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டிரைவர் என்பார்கள். அவள் கணவன் ஜெனிஷ் ஓர் உழவுக் காலத்தில் டிராக்டரோடு சரிவில் உருண்டு இடுப்பு நொறுங்கிப் படுத்தபோது, ஊரில் பாதி ஆண்கள் வண்டிக்கு விலை பேச வந்தார்கள். அவள் எல்லாருக்கும் உப்புப் பால்டீ ஊற்றினாள், ரொட்டியைப் பிய்த்து முன்னால் வைத்தாள். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்து, "வண்டி விக்கிறதுக்கில்ல. நான் ஓட்டப்போறேன்" என்றாள். சிரித்த சிரிப்பில் ஒருவனுக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. அந்த வசந்தத்தில் அவன் நிலத்தையும் அவள்தான் உழுதாள்.

அதற்குப் பிறகு ஊரில் வேறு யாரும் முதல் சால் போட்டதில்லை. முதல் சால் என்பது சும்மா ஒரு கோடு அல்ல. பனி உருகி நிலம் கறுத்ததும் ஊரே கூடி நின்று ஆசி சொல்லி எந்த வண்டியை அனுப்புகிறதோ, அந்த வருஷத்து உழவு முழுவதும் அந்த வண்டிக்குத்தான். இத்தனை வருஷமாக அதில் கேள்வியே எழவில்லை. இந்த வருஷம் எழுந்தது. ஜெனிஷின் தம்பி தாலாய் நகரத்திலிருந்து புத்தம்புதுச் சிவப்பு டிராக்டர் ஒன்றைக் கொண்டுவந்து, அண்ணி வீட்டு வாசலிலேயே நிறுத்தி, இஞ்சினை அணைக்காமல் ஓடவிட்டிருந்தான்.

"டீசல் வீணாகுது, தாலாய்" என்றாள் புருல்சா.

"இருக்கட்டும் அண்ணி. உங்க கிழவி வண்டிக்கு எப்படி மூச்சு விடணும்னு மறந்திருக்கும். கேட்டுக் கத்துக்கட்டும்."

கூட்டம் சிரித்தது. ஊர்ப் பெரியவர் ஓமுர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "சூரியன் உச்சிக்கு வர்ற வரைக்கும் பார்ப்போம் மகளே. அதுக்கு மேல ஜனம் நிக்காது. எது ஓடுதோ அது போகட்டும்" என்றார். நியாயமான பேச்சுதான். அதனாலேயே அவளால் மறுக்க முடியவில்லை.

செய்ய வேண்டிய எதையும் அவள் விட்டுவைக்கவில்லை. பேட்டரியைக் குளிர்காலம் முழுக்க அடுப்புப் பக்கத்தில் பிள்ளைபோல் வைத்திருந்து இன்று காலைதான் மாட்டினாள். ஆயில் இளகட்டும் என்று இஞ்சினுக்குக் கீழே வறட்டித் தணல் வைத்தாள். ரேடியேட்டரில் கொதிநீர் ஊற்றினாள். முறையையும் விடவில்லை. கோக்-சாயில் முதல் பனி விழும் முன் சைலன்ஸர் வாயில் கறுப்பு ஆட்டுக் கம்பளியைத் திணித்து மூடுவார்கள். உள்ளே பனியும் போகாது, எலியும் போகாது. வசந்தத்தில் வீட்டுப் பெண் ஊரார் முன்னால் அதை உருவி, ஜூனிப்பர் மரச் சுள்ளியோடு கொளுத்தி, புகையை வண்டியைச் சுற்றிக் காட்ட வேண்டும். புருல்சா உருவினாள், கொளுத்தினாள், சுற்றினாள். ஏறி உட்கார்ந்து செல்ஃப் அடித்தாள்.

இஞ்சின் சுற்றியது. இரண்டு தரம் இருமியது. நின்றது.

"டீசல் குழாய்ல காத்து புடிச்சிருக்கு" என்றார்கள் நாலு பேர் ஒரே நேரத்தில்.

குழாயைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றினாள். ஜெனிஷ் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்பேனராக எடுத்துக் கொடுத்தான். டீசல் நுரை இல்லாமல் சுத்தமாக வந்தது. மறுபடி செல்ஃப். இருமல், நின்றது. ஃபில்டரில் தண்ணீர் இறங்கியிருக்கும் என்றார் ஓமுர். இறங்கியிருந்தது, ஒரு மடக்கு. வடித்தாள். மறுபடி அதே கதை.

"அண்ணி, கயிறு வேணுமா?" தாலாய் கேட்டான். "இழுத்துவிடுறேன். இல்லாட்டி இழுத்துட்டே போயிடுறேன்."

"கயித்த வச்சுக்க. உன் வண்டி சேத்துல மாட்டும்போது நான் வருவேன்."

நிழல்கள் சுருங்கிக்கொண்டே வந்தன. சிலர் மெல்ல நகர்ந்து தாலாயின் வண்டிப் பக்கம் போய் நின்றார்கள். அங்கே வெயில் நன்றாக அடிக்கிறதாம். அவள் வேண்டுமென்றே கூட்டத்தைப் பார்க்காமல் இஞ்சினை மட்டும் பார்த்தபடி இன்னொரு தரம் செல்ஃப் அடிக்கச் சொன்னாள். ஓமுரின் மகன் அடித்தான். இஞ்சின் இருமும்போது ஏர் கிளீனர் மூடி ஓரமாக வெள்ளையாய்ப் புகை கசிந்தது.

உள்ளே காற்று இழுக்க வேண்டிய இடத்தில் புகை வெளியே வருகிறது. நிமிர்ந்து சைலன்ஸரைப் பார்த்தாள். அதன் வாயில் புகை இல்லை. நூலிழைகூட இல்லை.

"சைலன்ஸரக் கழட்டப்போறேன். பெரிய ஸ்பேனர் கொடுங்க" என்றாள்.

"அதுல என்ன இருக்கப்போகுது? நீதான கம்பளிய உருவின, ஊரே பார்த்துச்சு. டீசல் பீய்ச்சுற நாசிலப் பாரு" என்றான் ஜெனிஷ்.

"ஸ்பேனர் கொடுங்க."

கொடுத்தான். அது அந்த போல்ட்டுக்குச் சேரவில்லை. புருல்சா அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள். கண்ணைக் கட்டிவிட்டாலும் தடவிப் பார்த்தே ஸ்பேனர் அளவு சொல்லுகிற மனுஷன் அவன். அவன் தலையைத் தூக்கவில்லை. அவளே குனிந்து சரியானதைத் தேடி எடுத்தாள்.

கழற்றிய குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். மறுமுனை தெரியவில்லை. ஒரே இருட்டு. தட்டி எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, குழாயையும் கடப்பாரையையும் தூக்கிக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போனாள். ஜெனிஷ் காலை இழுத்து இழுத்து அவள் பின்னாலேயே வந்தான்.

கடப்பாரையால் நாலு இடி இடித்தாள். களிமண் பொருக்கு உதிர்ந்தது. ஐந்தாவது இடியில் கெட்டியாக ஏதோ வழுக்கி வந்து அவள் காலடியில் பொத்தென்று விழுந்தது.

காலுறை. ஒட்டக மயிரில் இரட்டைப் பின்னலாகப் பின்னிய காலுறை. உள்ளே களிமண் திணித்து, வாயைக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது. குதிகாலில் சிவப்பு வரி. அந்த வரியை அவளே போட்டிருந்தாள், அடுப்பு வெளிச்சத்தில், அவன் நோகிற காலுக்கென்று.

புருல்சாவுக்கு முதலில் எதுவுமே புரியவில்லை. திருடன் வேலை, தாலாயின் வேலை, யாரோ ஒருத்தனின் பொறாமை என்று மனசு எங்கெங்கோ ஓடிப் பார்த்தது. கடைசியில் கண் அவன் முகத்துக்குத்தான் வந்து நின்றது. அவன் மறுக்கவில்லை.

"நாய் தூக்கிட்டுப் போச்சுன்னு சொன்னீங்க" என்றாள்.

"சொன்னேன்."

"அந்த நாய்க்கு நான் எத்தன நாள் எலும்பு போடாம இருந்தேன்!"

"எனக்குத் தெரியாம இல்ல. நான் போட்டேன்."

"உங்க தம்பி சொல்லிச் செஞ்சீங்களா?"

"அவனுக்கு என்ன தெரியும், கழுத." அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். "போன உழவுல மேல் நிலத்தோட ஓரத்துல நீ ஓட்டினப்ப நான் கீழ நின்னு பார்த்துட்டிருந்தேன். உன் பின்சக்கரத்துக்கு அடியில மண்ணு இல்ல, புருல்சா. சக்கரம் சும்மா காத்துல சுத்துச்சு. நீ பாட்டுக்குப் பாடிட்டே போற. நான் கத்தினேன். சத்தம் வெளிய வரவே இல்ல."

"பொய்."

"மேல போய்ப் பாரு."

"வாயத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நிறுத்தியிருப்பியா?"

நிறுத்தியிருக்க மாட்டாள் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் இத்தனை நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஸ்பேனராக எடுத்துக் கொடுத்து, அவள் ஊர் முன்னால் அசிங்கப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தானே! அந்த முகத்தோடு இத்தனை வருஷம் ஒரே அடுப்பில் குளிர் காய்ந்தவள் அவள். இன்று யாரோ அந்நியனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு காலுறையைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு குழாயைத் தூக்கினாள்.

"என்ன இருந்துச்சு?" கூட்டம் கேட்டது.

"எலி."

"சைலன்ஸரையே அடைக்கிற எலியா?" என்றான் தாலாய்.

"வீட்டு எலி. தின்னு கொழுத்தது."

குழாயை மாட்டி போல்ட்டுகளை இறுக்கினாள். செல்ஃப் அடித்தாள். கிழவி ஒரு தரம் உடம்பைக் குலுக்கினாள், ஒரு கறுப்பு மேகத்தை வானத்தில் துப்பினாள், பிறகு சீராக ஓட ஆரம்பித்தாள். நிழல் இன்னும் காலடிக்கு வந்திருக்கவில்லை. ஓமுர் உள்ளங்கைகளை விரித்தார், எல்லாரும் விரித்தார்கள், ஆசி சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார்கள். தாலாயும் தடவிக்கொண்டான், கொஞ்சம் வேகமாக.

முதல் சால் எப்போதும் மேல் நிலத்தின் ஓரத்தில்தான். தண்ணீர் வரும் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். புருல்சா கலப்பையை உயர்த்திவைத்து வண்டியை மேட்டில் ஏற்றினாள். கடப்பாரை இருக்கைக்குப் பின்னால் கிடந்து ஆடியது. ஜனம் பின்னால் நடந்து வந்தது. கடைசியில் ஜெனிஷ்.

ஓரத்துக்கு வெகு முன்னாலேயே வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினாள். பொய்யாகத்தான் இருக்கும் என்று மனசு இன்னும் சொல்லிக்கொண்டிருந்தது. பனி போன சரிவில் போன உழவின் சக்கரத் தடம் செதுக்கி வைத்ததுபோல் இருந்தது. ஈரத்தில் பதிந்து அப்படியே உறைந்துபோன தடம். அவளுடைய டயர், தேய்ந்த பட்டையோடு. அதைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். தடம் ஓரத்தை நெருங்கியது. விளிம்போடு ஒட்டியது. பிறகு ஒரு இடத்தில் தடமே இல்லை. மண் பிறை வடிவத்தில் பிய்ந்து போயிருந்தது. கீழே, வெகு கீழே, ஓடையும் பாறைகளும். பிய்ந்த இடத்துக்கு அப்பால், ஒரு ஆள் படுத்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு தள்ளி, தடம் மறுபடி தொடங்கியது, ஒன்றும் நடக்காததுபோல்.

அவள் பார்த்தாள். திரும்பத் திரும்பப் பார்த்தாள். இங்கே பாடிக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது. எந்தப் பாட்டு என்பதுகூட ஞாபகம் வந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

தாலாய்தான் முதலில் வந்து சேர்ந்தான். "என்ன அண்ணி? டிரைவருக்குப் பயம் வந்துடுச்சா?"

"ஆமா தாலாய்" என்றாள். "பயந்துட்டேன்."

அவன் சிரிக்க வாயைத் திறந்தான். அவள் காட்டிய திசையில் பார்த்தான். திறந்த வாய் அப்படியே நின்றது. தானாகவே இரண்டு அடி பின்னால் வந்தான். ஓமுர் வந்து பார்த்தார். வந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்துவிட்டு, ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பிடித்து இழுத்துக்கொண்டு பின்வாங்கினார்கள்.

"இந்த ஓரத்துல இனி யார் வண்டியும் வரக்கூடாது. பழசும் வராது, புதுசும் வராது" என்றபடி புருல்சா எழுந்தாள். பத்திரமான தூரம் என்று பட்ட இடத்தில் கடப்பாரையை ஓங்கி நட்டாள். எல்லை கண்ணுக்குத் தெரிய வேண்டுமே. கோட்டுக்குள் கைவிட்டு, களிமண் உதறி, காலுறையை அதன் தலையில் மாட்டினாள்.

சிவப்பு வரி வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. ஊர் அந்தக் காலுறையைப் பார்த்தது. பிறகு மெல்ல மெல்லத் திரும்பி, மூச்சு வாங்க அப்போதுதான் மேடேறி வந்த ஜெனிஷின் கால்களைப் பார்த்தது.

"ஓ, இதுதான் அந்த எலியா?" என்றார் ஓமுர்.

யாரும் சிரிக்கவில்லை. ஜெனிஷ் கடப்பாரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவள் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

"முன்னாடி நடங்க" என்றாள் அவனிடம். "உங்க கண்ணுக்கு மண்ணு எங்க இருக்குதோ அங்க நடங்க. நான் பின்னால வர்றேன்."

அவன் காலை இழுத்து இழுத்து நடந்தான். அந்த வருஷத்து முதல் சால் கோக்-சாய் இதுவரை பார்க்காத அளவுக்குக் கோணலாக விழுந்தது.